நாயின் கழுத்தில் எவ்வளவு கண்டிப்பு?

நாய் வாங்கிய புதிதில் யாரும் கேட்காத ஒரு கேள்வி, அது ஆறேழு மாதத்தை எட்டும்போது தவறாமல் வந்துவிடுகிறது. காலைச் சுற்றிக்கொண்டிருந்த குட்டி இப்போது இருபத்தைந்து கிலோ எடையுடன் ஆளைத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போகும். வீட்டுக்கு வந்து பழக்கும் பயிற்சியாளர், இழுத்தால் கழுத்தில் சுருக்காக இறுகும் சங்கிலியான சோக் செயின் ஒன்றை வாங்கி வைக்கச் சொல்லி, "இழுத்தால் ஒரு சுண்டு சுண்டுங்கள், அடங்கிவிடும்" என்று சொல்லியிருப்பார். எவ்வளவு பலமாகச் சுண்டுவது என்று கேட்டால், "நாய்க்கு உறைக்கிற அளவுக்கு" என்பார். உறைத்தது நாயின் முகத்தில் எப்படித் தெரியும், உறைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது, உறைத்த பிறகு நாய் யாரை அஞ்சும் என்பவற்றைப் பற்றி அந்தப் பதிலில் ஒன்றும் இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுகாத சாதாரணத் தட்டைக் கழுத்துப் பட்டையில், மணிக்கட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கும் ஒரு சிறிய சுண்டுக்கு மேல் வீட்டு நாய்க்குத் தேவைப்படுகிறது என்றால், அங்கே நாம் கண்டிப்பைக் கூட்டக் கூடாது. பாடத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும். இரக்கத்தினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பலமாகக் கண்டித்துப் பழக்கும் முறையின் உள்ளேயே ஒரு முரண் இருக்கிறது என்பதும், அந்த முரணைத் தீர்க்கும் கைத்திறன் காலையில் அரை மணி நேரம் நாயுடன் நடக்கப் போகும் நம்மைப் போன்றவர்களிடம் இல்லை என்பதும்தான் இதற்கு முதன்மையான காரணங்கள்.

முதலில், சுண்டுவது என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது; ஏனெனில் பெரும்பாலோர் செய்வது சுண்டுவதே இல்லை, இழுத்துப் பிடிப்பது. கயிறு எந்நேரமும் விறைப்பாக இருக்கும்; நாய் முன்னால் சாயும், ஆள் பின்னால் சாய்வார்; இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பாரத்தைப் போட்டுக்கொண்டே தெருவைக் கடப்பார்கள். கழுத்தில் நிலையான அழுத்தம் விழுந்தால் அதற்கு எதிராகச் சாய்வது நாயின் இயல்பு என்பதால், இந்தப் பிடியே நாயை இழுக்கப் பழக்குகிறது. முறையான சுண்டுதலில் மூன்று கட்டங்கள் உண்டு: கயிறு தளர்ந்திருக்க வேண்டும், நொடிக்கும் குறைவான நேரம் இறுகிப் பட்டை கழுத்தில் பட வேண்டும், உடனே மறுபடி தளர வேண்டும். நாய்க்குச் சேதி சொல்வது நடுவில் வரும் இறுக்கத்தைவிட, அதற்குப் பின்னால் வரும் தளர்ச்சிதான். கயிற்றின் பிடியைத் தொப்புளுக்கு நேராக வைத்துக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஆறடிக் கயிற்றின் மறுமுனையில் பட்டையின் கொக்கி லேசாகக் கிளிங்கென்று ஒலிக்கும். தோளிலிருந்து கையை ஓங்கினால் வருவதற்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான், ஆனால் நாயின் கழுத்தில் இரண்டும் ஒன்றல்ல.

பலமான சுண்டுதலுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1910இல் ஜெர்மனியில் காவல் நாய்ப் பயிற்சிக்குக் கையேடு எழுதிய கொன்ராட் மோஸ்ட், நாய் செய்த தவற்றுக்கும் அதற்கான விளைவுக்கும் இடையே இடைவெளியே இருக்கக் கூடாது என்பதை உளவியலாளர்கள் விதியாக வகுப்பதற்கு முன்பே தொழில்முறையில் கண்டுபிடித்தவர். பட்டை, கயிறு, சாட்டை ஆகிய மூன்றையும் தயங்காமல் பயன்படுத்தியவரும் அவர்தான். 1960களில் அமெரிக்காவில் வில்லியம் கோலர் என்பவர், வால்ட் டிஸ்னி படங்களுக்கு விலங்குகளைப் பழக்கிய அனுபவத்துடன், பொதுமக்களுக்கான வகுப்புகளில் அந்த மரபைப் பரப்பினார். நாயின் கழுத்தில் சங்கிலியும் நீண்ட கயிறும் மாட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், திடீரென்று எதிர்த்திசையில் திரும்பி நடந்துவிடுவது அவருடைய முதல் பாடம். கவனிக்காத நாய் கயிற்றின் எல்லையில் போய் மோதிக்கொள்ளும். சில நாட்களில் ஆள் மீது ஒரு கண்ணை வைத்துக்கொண்டே நடக்கக் கற்றுவிடும். 1980இல் பிரிட்டனில் பார்பரா வுட்ஹவுஸ் தொலைக்காட்சியில் தோன்றிச் சோக் செயினை வீட்டுப் பொருளாகவே ஆக்கிவிட்டார். நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் பலர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் படையிலும் காவல் துறையிலும் நாய்களைக் கையாண்டு ஓய்வு பெற்றவர்களிடமிருந்து அவர்கள் கற்றது பெரும்பாலும் இந்த மரபின் கிளைதான். ஒரே நாயை நாள் முழுதும் கையாண்டு அதையே தொழிலாகக் கொண்டவரின் கருவி, கையில் கைபேசியுடன் நடக்கும் வீட்டுக்காரரின் கைக்கு அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.

இனி அந்த முரணுக்கு வருகிறேன். கண்டிப்பைப் பற்றி ஆய்வுக்கூடத்தில் நடந்த பழைய வேலைகளில் இரண்டு முக்கியமானவை. நீல் மில்லர் 1960இல் வெளியிட்ட சோதனையில், உணவை நோக்கி ஓடும் எலிகளுக்கு ஓடுபாதையின் முடிவில் மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. தொடக்கத்திலேயே பலமான அதிர்ச்சியைச் சந்தித்த எலிகள் ஓட்டத்தை நிறுத்தின; மிக லேசான அதிர்ச்சியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்பட்ட எலிகளோ, மற்றவற்றை நிறுத்திய அதே அளவு வந்தபோதும் தாங்கிக்கொண்டு ஓடின. அஸ்ரின், ஹோல்ஸ் ஆகிய இருவர் 1966இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்: தண்டனை பலிக்க வேண்டுமானால் அது முதல் தடவையே பலமாக இருக்க வேண்டும், தவறு நடந்த கணமே வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் வர வேண்டும், மெல்ல மெல்ல ஏற்றக் கூடாது.

வீடுகளில் நடப்பதையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இளகிய மனமுள்ள எவரும் செய்வது என்ன? முதல் நாள் லேசாகச் சுண்டுவார். நாய் பொருட்படுத்தாது. மறுநாள் சற்றுக் கூட்டுவார். ஒரு வாரத்தில் தட்டைப் பட்டை போய்ச் சங்கிலி வரும். சங்கிலி பழகியதும் உட்புறம் முட்கள் கொண்ட பிராங் காலர் வரும். அதற்கும் அடுத்து, கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலரை இணையக் கடையில் தேடுவார். ஒவ்வொரு படியிலும் அவர் தம்மை அன்பானவர் என்றே எண்ணிக்கொள்கிறார், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் சிறிதளவுதான் கூட்டுகிறார். நடைமுறையில் அவர் செய்வது மில்லரின் எலிகளுக்கு நடந்ததேதான்: வலியைத் தாங்க நாயைப் பழக்குகிறார். வாழ்நாள் முழுதும் சேர்ந்த வலியின் கணக்கைப் பார்த்தால், முதல் நாளே ஒரு முறை ஓங்கிச் சுண்டிய கடுமைக்காரரின் நாயைவிட இவருடைய நாய் அதிகமாகப் பட்டிருக்கக் கூடும்.

அப்படியானால் முதல் நாளே ஓங்கிச் சுண்டிவிடலாமே என்று கேட்கலாம். சில பயிற்சியாளர்கள் இதையே வெளிப்படையாகச் சொல்கிறார்கள், அவர்களுடைய தருக்கத்தில் பிழை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த முதல் அடி பலிக்க மற்ற நிபந்தனைகளும் கூடவே நிறைவேற வேண்டும். தவறு நடந்த கணமே வர வேண்டும். நாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நொடி பிந்துகிறோம், அதற்குள் நாய் திரும்பி நம்மைப் பார்த்திருக்கும், அடி அந்தப் பார்வைக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு தடவையும் வர வேண்டும். வீட்டில் நான்கு பேர் நாயை நடத்திச் செல்கிறார்கள், தாத்தா ஒரு நாளும் சுண்ட மாட்டார். இந்த நாய்க்கு எவ்வளவு போதும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். அது தெரிவதற்கு ஒரே வழி கொடுத்துப் பார்ப்பதுதான், கூடிவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஆக, மெல்லத் தொடங்கினால் பலிக்காது, பலமாகத் தொடங்க நமக்குத் தகுதி இல்லை. பட்டையால் கண்டிப்பதன் எல்லையை இந்த இடுக்குதான் தீர்மானிக்கிறது.

கழுத்தின் உடற்கூறும் இந்த எல்லையை இன்னும் குறுக்குகிறது. நாயின் தோல் ரோமத்துக்குள் மறைந்திருப்பதால் தடிப்பானது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் மேல்தோல் உண்மையில் மனிதனுடையதைவிட மெல்லியது. அந்தத் தோலுக்குக் கீழே பட்டை உட்காரும் இடத்திலேயே மூச்சுக்குழாய், தைராய்டு சுரப்பி, தலையிலிருந்து இரத்தம் இறங்கும் பெரிய சிரைகள், சற்றுக் கீழே முன்னங்கால்களுக்குச் செல்லும் நரம்புக் கற்றை எல்லாம் இருக்கின்றன. 2020இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக் கழுத்து ஒன்றில் பலவகைப் பட்டைகளை மாட்டி அழுத்தத்தை அளந்தார்கள். திடமான இழுப்புக்கு 40 நியூட்டன், பலமான இழுப்புக்கு 70 நியூட்டன் என்று வைத்துக்கொண்டார்கள். வெட்டி இழுத்தபோது விசை சராசரியாக 141 நியூட்டன் ஆயிற்று. புரியும்படி சொன்னால், முதலாவது நான்கு கிலோ எடையைத் தொங்கவிட்டது போல, மூன்றாவது பதினான்கு கிலோவுக்கு மேல். அகலமான பட்டை, மெத்தை வைத்த பட்டை, கயிற்றுச் சுருக்கு என்று எதை மாட்டினாலும் காயத்துக்கு வாய்ப்பில்லை என்று சொல்லக்கூடிய அளவுக்கு அழுத்தம் குறையவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அதற்கு முன்பே, 2006இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, கழுத்துப் பட்டையில் இழுப்பு விழும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதையும், மார்பைச் சுற்றும் ஹார்னஸில் அது அவ்வாறு கூடாததையும் காட்டியிருந்தது. கண் பிதுங்கிய பக் நாயையும், மூச்சுக்குழாய் தளர்ந்து வாத்துபோல் இருமும் பொமரேனியனையும் கழுத்துப் பட்டையில் நடத்தவே கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அவற்றைச் சுண்டுவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வேட்டைக்கு ஓடப் பிறந்த இந்த நாய்களுக்குக் கழுத்து நீளம், தலை குறுகல், தோலுக்கும் தசைக்கும் நடுவே கொழுப்பு மிகக் குறைவு. சாதாரணப் பட்டை காதைத் தாண்டி எளிதில் கழன்றுவிடும்; அதனால் பலர் பட்டையை ஒரு துளை கூடுதலாக இறுக்குகிறார்கள், அல்லது கழலாது என்பதற்காகவே சோக் செயினை மாட்டுகிறார்கள். இரண்டும் தவறு. ஓர் அளவு வரை மட்டும் இறுகி அதற்கு மேல் இறுகாத மார்ட்டிங்கேல் என்னும் அகலமான துணிப்பட்டை இத்தகைய கழுத்துகளுக்கென்றே உள்ளது. என்னிடம் இருக்கும் செவலை என்ற சிப்பிப்பாறைப் பெண் நாய், நான் கயிற்றைப் பிடித்திருக்கும் கையை மாற்றினாலே காதைத் திருப்புவாள். குரலைச் சற்றுத் தாழ்த்தி "ம்ஹூம்" என்றால் அதுவே அவளுக்குக் கண்டிப்பு. முன்பு இருந்த மணி என்ற லாப்ரடார் ஆண் நாயோ, தெருவில் கோழிக்கடைக் கழிவின் வாடை வந்துவிட்டால் கழுத்தில் என்ன நடக்கிறது என்பதையே அறியாதவன். இவ்விரு நாய்களுக்கும் பொருந்துவதாக ஒரே அளவை எந்தக் கையேடும் சொல்லிவிட முடியாது.

மணியைப் போன்ற நாய்தான் பயிற்சியாளர்களுக்குக் கூடுதல் பலத்தை நியாயப்படுத்தித் தருவது. "இவனுக்கு உறைக்கவில்லை பாருங்கள்" என்பார்கள். உண்மையில் கிளர்ச்சியின் உச்சத்தில் இருக்கும் நாய்க்கு வலியும் குறைவாகவே தெரியும், கற்பதும் குறைவாகவே ஏறும். அந்த உச்சத்தைத் துளைக்கும் அளவுக்குச் சுண்டினால், துளைத்ததற்குப் பிறகு நாயிடம் மிஞ்சுவது பாடம் அன்று, அதிர்ச்சி. அங்கே செய்ய வேண்டிய வேலை தொலைவைக் கூட்டுவது: கோழிக்கடையிலிருந்து முப்பதடி தள்ளி, வாடை வந்தும் நாய் நம் பேச்சைக் கேட்கக்கூடிய இடத்தில் பழக்கி, ஈரல் துண்டைக் கொடுத்துக் கொடுத்து அருகே வருவது. இதற்கு வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலவும் இருக்கும். மாதக் கட்டணம் வாங்கும் பயிற்சியாளருக்கு இது கட்டுப்படியாகாத வேலை என்பதும் எனக்குப் புரிகிறது.

சோக் செயினை எதிர்ப்பவன் என்றாலும், அதை மாட்டியே தீருவேன் என்பவர்கள் குறைந்தது சரியாக மாட்ட வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். நாய் நம் இடப்பக்கம் நடக்கும்போது, கயிறு மாட்டிய வளையத்துக்குப் போகும் சங்கிலி கழுத்தின் மேற்புறமாக வந்து இறங்க வேண்டும். அப்போதுதான் கையைத் தளர்த்தியதும் சங்கிலியின் எடையாலேயே சுருக்கு விலகும். திருப்பி மாட்டினால் சங்கிலி கழுத்துக்குக் கீழாக ஏறி வளையத்தில் சிக்கி, தளர்த்திய பின்னும் இறுகியே நிற்கும். மாலை நடையில் எதிரே வரும் சங்கிலிகளைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. திருப்பி மாட்டியவை ஏராளம். தளர்ச்சி இல்லாத இடத்தில் எத்தனை மெதுவாகச் சுண்டினாலும் அது நெரிப்புதான். இந்தச் சங்கிலியில் நாயைக் கட்டிப்போடுவதோ, முன்னங்கால்கள் தரையை விட்டுக் கிளம்பும்படி தூக்கிப் பிடிப்பதோ கண்டிப்பில் சேராது. அப்படித் தூக்கிப் பிடிக்கப்பட்ட இளம் ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்று மூளை வீங்கிக் கருணைக்கொலை செய்யப்பட்ட நிகழ்வு 2013இல் கால்நடை மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

பிராங் காலரை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முட்கள் கழுத்தைக் குத்துவதில்லை, சுற்றிலும் சமமாக அழுத்தத்தைப் பரப்புகின்றன, சோக் செயினைப் போல மூச்சுக்குழாயை ஓரிடத்தில் நெரிப்பதில்லை, அதனால் மிகச் சிறிய சுண்டுதலே போதும் என்கிறார்கள். சரியான அளவில், காதுக்குப் பின்னே உயரமாக மாட்டினால் இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஜெர்மனியில் ஹனோவரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 42 மாலினோய் காவல் நாய்களை வைத்துப் பிராங் காலரையும் ஷாக் காலரையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு வேறு ஒன்றைக் காட்டியது. பிராங் காலரால் சுண்டப்பட்டபோது நாய்கள் உடலைத் தாழ்த்தி ஒடுங்கிய அளவு, மின்னதிர்ச்சியின்போது ஒடுங்கியதைவிடக் கூடுதலாக இருந்தது. காரணம் தேடினால், மின்னதிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று நாய்க்குத் தெரியாது. பட்டையின் சுண்டு யாருடைய கையிலிருந்து வருகிறது என்பது நன்றாகத் தெரியும். ஷாக் காலர் நல்லது என்பதற்கு இதை ஆதாரமாக எடுத்துக்கொள்வோர் உண்டு. நான் எடுத்துக்கொள்வது, கயிற்றின் வழியாகப் போவது வலி மட்டும் அன்று, அதை அனுப்பியவரின் முகமும் கூடவே போகிறது என்பதை. அதே ஹனோவரில் 2007இல் 14 பீகிள் நாய்களை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், இரையைத் தொட்ட கணத்தில் மட்டும் அதிர்ச்சி பெற்ற நாய்களிடம் அழுத்த ஹார்மோனான கார்டிசால் பெரிதாக ஏறவில்லை. எப்போது வரும், எதற்கு வரும் என்று கணிக்க முடியாமல் அதிர்ச்சி பெற்ற நாய்களிடம்தான் மிக அதிகமாக ஏறியது. நாயை முறிப்பது பலத்தின் அளவைவிட அதன் குழப்பம். நம் கையில் நேரம் தவறும் ஒவ்வொரு சுண்டும், கணிக்க முடியாமல் அதிர்ச்சி பெற்ற அந்தக் கூட்டத்து நாயாக நம் நாயை ஆக்குகிறது.

ஷாக் காலரைப் பற்றி நீட்டி எழுத விருப்பம் இல்லை. வேல்ஸ் 2010இலேயே அதைத் தடை செய்தது. ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து பயிற்சியில் முட்பட்டைகளையும் விலக்கிவிட்டது. லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 63 நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கூப்பிட்டால் வருவது போன்ற பாடங்களில் ஷாக் காலர் குழுவுக்கு எந்த முன்னிலையும் கிடைக்கவில்லை. பரிசு கொடுத்துப் பழக்கிய குழு முதல் கட்டளைக்கே விரைந்து பணிந்தது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தேவையற்ற வலியைக் குற்றமாக்குகிறது; முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு சோக் செயினின் விலை அதைவிட அதிகம்.

சரி, ஒரு சுண்டு அளவாக இருந்ததா என்பதை எப்படி அறிவது? கையைப் பார்க்காமல், அடுத்த மூன்று நொடிகள் நாயைப் பார்க்க வேண்டும். அளவாக இருந்தால் காது ஒரு கணம் பின்னால் போய் மீண்டும் நிமிரும், கயிறு தளரும், நாய் நம் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைத் தொடரும், வால் முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும், அப்போது ஒரு பிஸ்கட்டை நீட்டினால் வாங்கிக்கொள்ளும். கூடிவிட்டால் கத்தும், கத்தாத நாயாக இருந்தால் இடுப்பைத் தாழ்த்தும், உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்கும், நீட்டிய பிஸ்கட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மறுநாள் கயிற்றை எடுக்கும் சத்தத்துக்கே மேசைக்கடியில் போய்ப் படுத்தால், நேற்றைய அளவைப் பற்றி வேறு சாட்சி வேண்டியதில்லை. எந்த மாற்றமும் இல்லாமல் நாய் பழைய பொருளையே பார்த்துக்கொண்டிருந்தால், அங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்: "போதவில்லை" என்று முடிவு செய்கிறார்கள். போதவில்லையா, புரியவில்லையா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதே கட்டளையை வீட்டுக் கூடத்தில், கயிறு இல்லாமல், ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அங்கேயே தயங்கினால் நாய் அந்தப் பாடத்தைக் கற்கவே இல்லை. கற்காததற்குத் தண்டனை கொடுப்பது எந்தப் பள்ளிக்கும் பொருந்தாது. அங்கே பிசகாமல் செய்தால், தெருவின் கவனச்சிதறல் அதன் தகுதிக்கு மீறியது; தொலைவைக் கூட்ட வேண்டும்.

எனவே நான் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு இது: நாய்க்கு நன்றாகத் தெரிந்த செயலுக்கு மட்டும், தட்டைப் பட்டையில் மட்டும், முழங்கை அசையாத சுண்டு, ஒரே தவற்றுக்கு இரண்டாவது தடவைக்கு மேல் இல்லை, இரண்டாவதும் பலிக்காவிட்டால் அன்றைக்கு அந்தப் பாடம் முடிந்தது, பலம் ஏறாது. மேல் எல்லையை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பது இதில் முக்கியம், ஏனெனில் தெருவில் நின்று முடிவு செய்தால் அதை நம் எரிச்சல்தான் முடிவு செய்யும். நாய் சரியாக நடக்கும் நேரங்களில் கொடுக்கும் ஈரல் துண்டுகளும் பாராட்டும் சுண்டுகளைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். தவறை நிறுத்தச் சொல்லும் சுண்டுக்கு, பதிலாக எதைச் செய்வது என்று சொல்லத் தெரியாது.

சில செயல்களுக்குப் பட்டையைத் தொடவே கூடாது. உறுமுவது அவற்றில் முதலாவது. உறுமியதற்காகச் சுண்டப்பட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது; முன்னறிவிப்பை மட்டும் நாம் அழித்திருப்போம். பட்டாசுக்கும் இடிக்கும் பயந்து கயிற்றை அறுக்கப் பார்க்கும் நாயைச் சுண்டுவதும் இதே வகை. மூன்றாவது நம் தெருக்களுக்கே உரியது. எந்த வீட்டு நாயை நடத்திச் சென்றாலும் நான்கு வீடு தாண்டுவதற்குள் தெரு நாய்கள் குரைத்துக்கொண்டு கூடும். நம் நாய் திரும்பிக் குரைக்கும். நாம் பதறிப்போய்க் கயிற்றை வெட்டி இழுப்போம். இது நாள்தோறும் நடந்தால் நாய் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும்: தெரு நாய் தெரிந்தால் கழுத்து வலிக்கும். அடுத்த மாதம் தொலைவில் ஒரு வால் தெரிந்ததுமே முன்பைவிட மூர்க்கமாகப் பாயத் தொடங்கும். வீட்டுக்காரரோ நாய் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிப் பிராங் காலரைத் தேடுவார். தெரு நாய் கண்ணில் பட்டதும் சுண்டாமல் பேச்சுக் கொடுத்து எதிர்ப்பக்கம் அழைத்துப் போய், ஒரு துண்டு ஈரலை வாயில் போடுவது கோழைத்தனமாகத் தெரியலாம். செவலையை நான் அப்படித்தான் எங்கள் தெருவின் கோவில் திருப்பத்தைக் கடக்கப் பழக்கினேன். இன்றும் அவள் அங்கே குரைப்பதுண்டு, ஆனால் குரைத்துவிட்டு என் சட்டைப் பையைப் பார்ப்பாள்.

பயிற்சியாளரை அமர்த்துவதாக இருந்தால், அவரிடம் தேறிய நாய்களைக் காட்டச் சொல்வதைவிட, அந்த நாய்கள் தங்கள் வீட்டாருடன் நடப்பதைக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சியாளரின் கையில் ஒழுங்காக நடந்துவிட்டு வீட்டாரின் கையில் பழையபடி இழுக்கும் நாய்கள் எக்கச்சக்கம். யாருடைய சுண்டு உறைக்கும், எந்தப் பட்டை மாட்டினால் வலிக்கும் என்பதை மட்டுமே அவை படித்திருக்கும். முதல் வகுப்பிலேயே சங்கிலி கேட்பவரை, ஆறு மாதம் நிறையாத குட்டிக்குச் சங்கிலி மாட்டுபவரை, "இரண்டு நாள் சோறு போடாமல் வையுங்கள்" என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம். சுண்டியும் நாய் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இன்னும் பலமாகச் சுண்டுவேன் என்பதைத் தவிர வேறு எந்தப் பதிலும் பேச்சைத் தொடரத் தக்கது.